மாரிக்கனியின் முடி தின்ற ஊர்

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், பட்டாசு மருந்து நெடியும் அச்சு மை நெடியும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு கிடக்கும் அந்த ஊரில், ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்கு, போன் இருக்கிற வீடுகளில் எல்லாம் ஒரே நேரத்தில் சோற்றில் முடி கிடந்தது. கருகருவென்று, எண்ணெய் மினுங்க, நுனி பிளக்காத நல்ல முடி. ஊர் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. மாமியார்கள் மருமகள்களைத் திட்டினார்கள், மருமகள்கள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்கள், புருசன்மார்கள் தட்டைத் தள்ளிவிட்டு ஓட்டலுக்குப் போனார்கள், ஓட்டல் சோற்றிலும் கிடக்கக் கண்டு சமையல்காரரைக் கூப்பிடச் சொன்னார்கள், அடுப்படியிலிருந்து வந்த சமையல்காரருக்குத் தலை மட்டுமல்ல புருவமும் வழுக்கையாக இருந்ததால் கேட்க வந்ததை மறந்து ஆளுக்கொரு மோர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். மோரிலும் கிடந்தது.

அதே நேரத்தில் கண்மணி விளம்பர நிலையத்தின் மாடியில் செண்பகவல்லி தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். தயிர்சாதத்தின் மேல் வட்டமாகச் சுருண்டு ஒரு முடி. அவளுக்கு அது யாருடைய முடி என்று கேட்டுத் தெரிய வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் அந்த முடியை மொத்தமாக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

எண்ணெய் விளம்பரம் எடுக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. 'எண்ணெய்க்கு முன்பு', 'எண்ணெய்க்குப் பின்பு' என்று இரண்டு தலையைக் காட்ட வேண்டும், இரண்டும் ஒரே தலையாக இருக்க வேண்டும், முடி வளருகிற வரைக்கும் எந்த முதலாளியும் காத்திருக்க மாட்டான். அதனால் 'பின்பு'தான் முதலில் எடுக்கப்படும். நீண்ட கூந்தலோடு ஒருத்தியை நிறுத்திச் சிரிக்கச் சொல்லி எடுத்துவிட்டு, அப்புறம் கத்தரித்து, மிச்சத்தை மருந்து போட்டு வெளுத்துக் காய வைத்து, அழச் சொல்லி 'முன்பு' எடுப்பார்கள். பார்க்கிறவன் போனில் அழுகை முதலில் வரும், சிரிப்பு பின்னால் வரும். இந்த அயோக்கியத்தனத்துக்குத் தொழிலில் பெயர்கூட கிடையாது, அவ்வளவு சாதாரணம்.

'கார்முகில் மூலிகைத் தைலம்' என்று மதுரை முதலாளி ஒருவர் புதிதாக ஆரம்பித்த எண்ணெய்க்குத் தலை தேடியபோது, கீழ்த்தளத்தில் நோட்டு பைண்டிங் வேலை பார்க்கும் மாரிக்கனியைக் காட்டிக்கொடுத்ததும் செண்பகவல்லிதான். மாரிக்கனிக்கு முடி முழங்காலுக்குக் கீழே கிடந்தது. நாலு வயது வரைக்கும் வாய் திறக்காத மகள் பேசினால் கூந்தலை இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கொடுப்பதாக நேர்ந்து, கத்தரி படாமல் வளர்த்த முடி. மகள் சித்திரையில் பேசிவிட்டாள். ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போக வேண்டும்.

"நேர்ந்த முடிக்கா, வெட்டக் கூடாது," என்றாள் மாரிக்கனி.

"வெட்டவே மாட்டோம்டி. கம்ப்யூட்டர்லயே வெட்டிக்கிருவோம்," என்றாள் செண்பகவல்லி. சொன்னபோது அது பொய்யில்லை. படம் எடுக்கிற அன்று, கம்ப்யூட்டரில் வெட்டிய தலை தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தது போலிருக்கிறது என்று விளம்பர நிலையத்து முதலாளி ரத்தினவேல் அண்ணாச்சி சொன்ன பிறகுதான் பொய்யானது. அரைச் சாண் மட்டும் என்று சொல்லி உட்கார வைத்தார்கள். செண்பகவல்லி ஜடையைப் பிடித்துக்கொண்டாள், அழகு நிலையத்துப் பெண் கத்தரியைப் பிடரியில் வைத்தாள். நார் அறுபடுகிற சத்தம்தான் கேட்டது. மாரிக்கனி அழவேயில்லை. அழச் சொன்ன பிறகும் அழாததால் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டியிருந்தது.

"ஜடையைப் பத்திரமா டப்பால வெச்சிருக்கோம்டி. தலையில இருந்தா என்ன, டப்பால இருந்தா என்ன, அம்மனுக்குப் போய்ச் சேந்தாச் சரிதானே," என்று செண்பகவல்லி சொல்லி, கையில் ஒரு கார்முகில் பாட்டிலையும் கொடுத்து அனுப்பினாள். இப்படிப்பட்ட சமாதானங்களைச் சொல்வதற்கு ஒரு வாய் வேண்டும், அது அவளுக்கு இருந்தது.

செண்பகவல்லியின் வேலை, எந்த விளம்பரம் என்ன வடிவில் எந்த நேரத்தில் யார் போனில் போய் விழ வேண்டும் என்று தீர்மானிப்பது. தமிழ்நாடு முழுக்க விடுவதற்கு முன்னால் எந்த வடிவம் எடுபடுகிறது என்று ஓர் ஊரில் விட்டுப் பார்ப்பார்கள். அலைச்சல் இல்லை என்று சொந்த ஊரையே தேர்ந்தெடுத்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்றேகாலுக்கு ஊரை நான்காகப் பிரித்து நான்கு வடிவில் விட்டாள், ஊரும் நான்கு விதமாக முடி தின்றது.

ஒற்றைப் படமாகப் பார்த்தவர்கள் வீட்டில் விரல் நீளத்தில் ஒரு முடி சாம்பாரில் சுருண்டு கிடந்தது. ஸ்டோரியாகப் பார்த்தவர்களுக்கு முதல் கவளத்திலேயே தொண்டையில் குறுகுறுக்கும், துப்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, மறுநாள் அதே நேரத்தில் தானாக அடங்கும். ரீல்ஸ் பார்த்தவர்களுக்குத்தான் நீள முடி. தட்டின் இந்த ஓரத்தில் ஆரம்பித்து, சோற்றுக்குள் புகுந்து புறப்பட்டு, சாக்கு தைத்த சணல் போல அந்த ஓரத்தில் போய் நிற்கும். ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்க்கிற படவரிசையை, கேரூசல் என்பார்கள் தொழிலில், பார்த்தவர்களுக்குத் தள்ளிய படத்துக்கு ஒன்று வீதம். ரசத்தில் ஒன்று, அவரைக்காயில் ஒன்று, அப்பளத்துக்குள்ளேயே பொரிந்து ஒன்று.

முதல் மூன்று நாள் ஊர் ஓங்கரித்தது. பெண்கள் தலையில் துண்டு கட்டிச் சமைத்தார்கள், அரிசியை ஏழு தண்ணீரில் கழுவினார்கள், கடைக்காரனோடு சண்டைக்குப் போனார்கள். நாலாம் நாள், ஆடியென்றும் பாராமல் அவசரமாக வைத்த ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் பாயசத்துக்கு உள்ளிருந்து முழ நீள முடியை மாப்பிள்ளையின் தாய்மாமன் உருவி எடுத்து எல்லோரும் பார்க்கப் பிடித்தார். பந்தி எழுந்துவிட்டது. தாலி கட்டியாயிற்றே என்று பெண்ணைப் பெற்றவர் கையைப் பிசைந்தார். அப்போது யாரோ, பசி பொறுக்காத யாரோதான், "சோத்துல முடி கெடந்தா ஒறவு நீளும்னு சொல்லுவாகல்லா, இம்புட்டு நீளம் கெடக்கே, நல்ல சகுனம்யா, உக்காருங்க," என்றார். உட்கார்ந்தார்கள். அதே மாதிரி அவசரத்தில் நடந்த அடுத்த கல்யாணத்தில் பாயசத்தில் முடி இல்லை என்று பெண் வீட்டாரோடு மனத்தாங்கல் வந்தது.

பாலே பழகப் பழகப் புளிக்கும் என்பார்கள். மயிர் பழகப் பழக இனிக்கும் என்று அந்த ஊர்தான் கண்டுபிடித்தது. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் பிள்ளைகள் யாருக்கு நீளம் என்று பெஞ்சில் வைத்து அளந்தார்கள். 'இங்கு முடி எடுத்துப் பரிமாறப்படும்' என்று ஓட்டலில் பலகை வைத்தார்கள், கூட்டம் குறைந்ததும் பலகையைக் கழற்றிவிட்டார்கள், ஏனென்றால் அதற்குள் எடுக்கிற பொறுமை ஊருக்குப் போய்விட்டது. எடுக்க எடுக்கச் சோறு ஆறிவிடுகிறது, விழுங்கினால் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. அம்மன் கோயில் பொங்கலில் மட்டும் கிடக்கவில்லை, பூசாரியிடம் இருந்தது பட்டன் போன். போனே இல்லாத நாலைந்து குடும்பங்களின் நிலைமைதான் பரிதாபம். அவர்கள் வீட்டுச் சோறு வெறும் சோறாக இருந்தது, அக்கம்பக்கத்தில் அதை வைத்து அவர்களைக் கேவலமாகப் பேசினார்கள், அவர்களும் மானத்துக்கு அஞ்சி எதிர்வீட்டுக் குழம்பில் ஒரு கரண்டி வாங்கி ஊற்றிக்கொண்டார்கள்.

செண்பகவல்லி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சமைத்த எதையும் தொடவில்லை. தோலுரித்த வாழைப்பழமும், கணினியைப் பார்த்துக்கொண்டே மூன்று வேளைக்கும் கீழ்க்கடை டீயுமாக நாளை ஓட்டினாள். அவளுடைய கணவன் பொன்னுச்சாமி மினிபஸ் நடத்துனர், வாங்கிய சம்பளத்தைவிட வாங்கிய திட்டு அதிகம் என்பதால் எதையும் விழுங்கப் பழகிய மனுசன். அவள் எதிரில் உட்கார்ந்து ரீல்ஸ் முடியைச் சேமியாவை உறிஞ்சுவது போல 'சர்ர்' என்று உறிஞ்சினான்.

"எப்படிங்க எறங்குது உங்களுக்கு?"

"ஊரோட ஒத்துப் போ வல்லி. நீ மட்டும் என்ன பெரிய எடத்துப் பொண்ணா?" என்றான். இரவு பேச வாய் திறந்தபோது அவன் வாயிலிருந்து மாரிக்கனியின் தலைவாசம் வந்தது, சீயக்காயும் பைண்டிங் பசையும் கலந்த வாசம். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அருவருப்பு அவன் மேலா, ஊர் மேலா, தன் மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

எண்ணெய் விற்றது. பாட்டில் பாட்டிலாக விற்றது. மதுரை முதலாளி தினமும் போனில் சிரித்தார். பத்தாம் நாள் ரத்தினவேல் அண்ணாச்சி மதியச் சாப்பாட்டைத் தன் மேஜையில் விரித்துவைத்துக்கொண்டு செண்பகவல்லியைக் கூப்பிட்டார். அவர் போனில் விழுந்தது கேரூசல். பேசப் பேச முன்பல் இடுக்கில் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது, வார்த்தைக்கு வார்த்தை ஆடியது.

"கடைசி வெள்ளி, மதியம் ஒன்னே காலுக்கு, தமிழ்நாடு பூரா விடுதோம். எந்த வடிவம்னு நீதாம்மா சொல்லணும். ஒன் வாயில இருந்து வரட்டும்."

"அண்ணாச்சி, ஊரே முடி திங்குது."

"திங்கட்டுமே. அருவருப்போ ஆசையோ, மறக்காம இருக்கான்லா? வெள்ளம் தலைக்கு மேல போனப்புறம் சாண் என்ன, மொழம் என்ன." நாக்கால் துழாவிப் பார்த்தார், வரவில்லை, தண்ணீர் குடித்து உள்ளே அனுப்பினார். "என்ன கேட்டா ரீல்ஸ்தான். நீளமா நிக்கும்."

எல்லா ஊர்த் தட்டுகளும் செண்பகவல்லியின் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவள் பாத்ரூமுக்கு ஓடினாள்.

மறுநாள் மாரிக்கனி மாடியேறி வந்தாள். கழுத்துவரை கூட முடி இல்லை, வெளுத்த இடங்கள் துரு ஏறிய ஆணி மாதிரி சிவந்து, தொட்டால் உதிர்கிற பதத்தில் இருந்தன. முந்தானையால் மூடியிருந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போணும். ஜடையத் தாங்க, வாங்கிட்டுப் போயிருதேன்."

பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்தார்கள். உள்ளே ஒரு சிவப்பு ரிப்பனும் ரப்பர் பேண்டும் கிடந்தன. ரப்பர் பேண்டு அவிழ்க்கப்படவில்லை, முடியைப் பிடித்திருந்த வட்டம் அப்படியே இருந்தது, நடுவில்தான் ஒன்றுமில்லை. இருவரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு ஊரே தின்னும்போது பானை காலியாகத்தானே செய்யும்.

"எம் மக இப்பத்தான் நல்லாப் பேசுதா. அம்மன் கேட்டா நான் என்னக்கா சொல்லுவேன்?" என்றாள் மாரிக்கனி. கோபமாகக்கூட இல்லை, ஊருக்கு வழி கேட்பது போலக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள தந்துருதேன்டி. சத்தியமா." செண்பகவல்லி டப்பாவை மூடிப் பீரோவில் வைத்தாள்.

அவள் போன பிறகு செண்பகவல்லி, தினமும் கொண்டுவந்து தொடாமலே திருப்பிக் கொண்டுபோகிற டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே கேரூசலைத் தள்ளினாள், ஒன்று, இரண்டு, மூன்று. தயிர்சாதத்தில் மூன்று முடி வந்து கிடந்தன. வெறுப்பில் விரலை எதிர்ப்பக்கம் இழுத்தாள். சிரிக்கிற மாரிக்கனியிலிருந்து எண்ணெய்ப் பாட்டிலுக்கு, பாட்டிலிலிருந்து அழுகிற மாரிக்கனிக்கு. எடுத்த வரிசையில். மேலே கிடந்த முடி நெளிந்தது. சாதத்தை விட்டு நழுவி, பாக்ஸின் விளிம்பில் இறங்கி, மேஜைமேல் ஓடி, தரையில் விழுந்து, பீரோ இடுக்கில் நுழைந்தது. அவள் ஓடிப்போய் டப்பாவைத் திறந்தாள். ரப்பர் பேண்டுக்குள் ஒரே ஒரு முடி நின்றது.

என்ன செய்ய வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. வேலை போகும் என்பதும் தெரிந்தது. அண்ணாச்சியிடம் போய், "கேரூசல் அண்ணாச்சி. ரீல்ஸ் வேண்டாம்," என்றாள். அவர் சந்தோசப்பட்டார், ரீல்ஸ் போனாலும் தன் தட்டில் விழுந்த வடிவம் ஜெயித்ததே என்று.

வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணாச்சி வாழையிலை விரித்து, கொண்டாட்டத்துக்கு ஓட்டல் சாப்பாடு வரவழைத்திருந்தார். ஒன்றேகாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது செண்பகவல்லி, விளம்பரம் போக வேண்டிய இடங்களின் பட்டியலில் தமிழ்நாட்டை அழித்துவிட்டு சொந்த ஊரை மட்டும் வைத்தாள். படங்களை எடுத்த வரிசைக்கு மாற்றினாள். முதலில் முழங்காலுக்குக் கீழே கிடந்த கூந்தலும் சிரிப்பும். இரண்டாவது, விளம்பரத்தில் சேர்க்காமல் வைத்திருந்த படம், பிடரியில் கத்தரி, ஜடையைப் பிடித்த தன்னுடைய இரண்டு கை, மோதிரம் தெரிய. மூன்றாவது அந்தத் தலை. எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேவிட்டாள். ஒன்றேகாலுக்கு அழுத்தினாள். டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, தட்டுகளிலிருந்து முடிகள் கிளம்பி வருவதற்காகக் காத்திருந்தாள்.

தட்டுகளை மட்டும்தான் அவள் நினைத்தாள். பதினேழு நாளாக ஊர் விழுங்கியதை நினைக்கவில்லை.

முதலில் அண்ணாச்சி. போனைத் தள்ளியவர் அப்படியே நின்றார், கண் பிதுங்கியது, 'க்க்' என்றார். உதட்டோரத்தில் ஒரு நுனி தெரிந்தது. விரலால் பிடித்து இழுத்தார், வந்தது, இழுத்தார், வந்தது, பருப்பும் வெற்றிலையும் ஒட்டிக்கொண்டு கொழகொழவென்று வந்தது. ஜன்னலுக்கு வெளியே பஜார் முழுக்க அதே சத்தம். துணிக்கடை வாசலில் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். பாயசத்தைத் தூக்கிப் பிடித்த தாய்மாமன் தெருநடுவில் மண்டியிட்டிருந்தார். மினிபஸ் நின்ற இடத்தில் பொன்னுச்சாமி டிக்கெட் பைக்குப் பதிலாக வாயைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். பிள்ளைகள் மட்டும் இதையும் அளந்தார்கள். ஒவ்வொரு வாயிலிருந்தும் வெளியே வந்த முடி தரையில் விழுந்ததும் தானாக நகர்ந்தது, எச்சில் கோடு போட்டுக்கொண்டு தெருத்தெருவாக ஓடி வந்தது, படியேறியது, டப்பாவுக்குள் ஏறியது. ரசமும் மோரும் பித்தமும் புளித்து நாறியது. ஆனால் சேர்ந்தது. ஜடை ஜடையாகச் சேர்ந்தது. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியபடி செண்பகவல்லி சிரித்தாள், பதினேழு நாளில் முதல் தடவையாக.

படியில் காலடி கேட்டது. மாரிக்கனி வந்தாள். முந்தானை தோளில் கிடந்தது. தலை மழுங்க மழித்து, சந்தனம் பூசி, சந்தனம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது.

"வந்துருச்சுடி! பாரு, எல்லாம் வந்துருச்சு!" என்று செண்பகவல்லி டப்பாவை நீட்டினாள். "ஏன்டி அதுக்குள்ள மழிச்ச? வெள்ளிக்கிழமைக்குள்ள தாரேன்னு சொன்னேன்லா?"

"காலைலயே மொத பஸ்ஸுக்குப் போயிட்டேன்க்கா. இருந்ததைக் குடுத்துட்டேன். அம்மன் அதையே வாங்கிக்கிட்டா." மாரிக்கனி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. "ஊரு எச்சியில்லா இது. எச்சியைச் சாமிக்கு வெப்பாகளா? நான்தான் தொடுவேனா?"

"ஒன் முடிடீ!"

"தின்னவுக முடிக்கா. நீங்களே வெச்சுக்கோங்க." இடுப்பிலிருந்து கார்முகில் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மூடி திறக்காத பாட்டில். "இதைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

செண்பகவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தொண்டையில் குறுகுறுத்தது. நான் ஒரு பருக்கைகூடத் தின்னவில்லையே என்று நினைத்தாள், அந்த நினைப்போடு டீ கிளாஸ் கண்ணில் பட்டது. நாளுக்கு மூன்று வேளை, திரையில் அந்த விளம்பரத்தையே ஊரில் யாரும் பார்க்காத அளவுக்கு நூறு தடவை, இருநூறு தடவை பார்த்துக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல் மடக் மடக்கென்று குடித்த டீ. நாக்கின் மேல் நுனி ஒன்று நெளிந்தது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். ஒற்றை முடி அல்ல, கற்றை. இனிப்பாக, ஏலக்காய் வாசத்தோடு, வெதுவெதுப்பாக வந்தது. ஒரு கை இழுத்து மறு கை மாற்றினாள். ஜடையைப் பிடித்திருந்த அதே இரண்டு கை. கண்ணில் நீர் கொட்டியது, மூச்சு முட்டியது, மடியெல்லாம் ஈரமாகக் குவிந்தது, நிற்கவில்லை.

படியிறங்கப் போன மாரிக்கனி திரும்பிப் பார்த்தாள்.

"பைய இழுங்கக்கா," என்றாள். "எனக்கு அது மொழங்காலுக்குக் கீழ கெடந்துச்சு."